சிலிக்கனா, பொலியூரதேனா? இஞ்சின் பிறாக்கெற்றைக் கழற்றிப் பூட்டிய கதை

வாடை எழும்பிவிட்டால் முல்லைத்தீவுக் கரையில் எங்கள் 18 அடி பைபர் படகுக்கு வேலை இல்லை. வாடிக்குப் பக்கத்தில் மணலில் ஏற்றிவைத்துவிடுவோம். போன மாரியில் அந்த ஓய்வில்தான் இஞ்சின் பிறாக்கெற்றை, அதாவது இஞ்சினைத் தாங்கும் சட்டத்தை, கழற்றினோம். பெயின்ற் உரிந்து கிடந்தது, ஒரு பூச்சுப் பூசினால் சரி என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பகுதியில் இஞ்சினைப் பின்பலகையில் நேரே மாட்டுபவர்கள்தான் கூட. எங்களுக்குக் கிடைத்தது பாவித்த நெடுங்கால் இஞ்சின், கால் நீளம் 20 அங்குலம். படகின் பின்பலகையோ 15 அங்குல உயரம். அப்படியே மாட்டினால் இஞ்சின் தேவைக்கு மேல் ஆழத்தில் நிற்கும், கரைக்கு வரும்போது மணலைக் கிண்டும். ஆகவே அலுமினியப் பிறாக்கெற் ஒன்றை 6 போல்ற்றில் பூட்டி, இஞ்சினை உயர்த்திக்கொண்டோம்.

கீழ் இரண்டு போல்ற்றையும் இழுத்ததும் துளையிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. மச்சான் சுத்தியல் பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டு வந்தான். மேலே டக் டக். கீழே தொப் தொப். "பெயின்ற்றைப் பிறகு பார்ப்பம், உள்ளுக்குப் பலகை ஊறிப்போச்சு" என்றான். பைபருக்கு நடுவில் இருப்பது பிளைவுட். அதற்குள் தண்ணீர் போக வழி போல்ற் துளைதான்.

பூச்சு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எனாமல் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் பெற்றோல் சொட்டினால் இளகும், வெறும் அலுமினியத்தில் பிடிக்கவும் மாட்டாது. ஜெல்கோட் படகின் உடலுக்கு உரியது, உலோகத்துக்கு அல்ல. மிஞ்சுவது இரண்டு டின்னைக் கலந்து பூசும் பொலியூரதேன் பெயின்ற். அதைத்தான் பூசினோம். அலுமினியத்தைச் சுரண்டியதுமே காற்றுப்பட்டு ஒக்சைட் படலம் பிடிக்கத் தொடங்கும். எனவே காலையில் அரத்தாள் போட்டால் அன்றைக்கே எட்ச் பிரைமர் (உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் முதற்பூச்சு), அதன் மேல் எப்பொக்சி பிரைமர். இந்தப் பெயின்ற்றைத் தூரிகையால், வெளியில் வைத்துப் பூசுங்கள். முறையான முகமூடி இல்லாமல் ஸ்பிரே அடித்தால் நெஞ்சுக்குக் கேடு. செப்புச் சேர்ந்த அடிப்பாகப் பெயின்ற் கையில் இருக்கிறதே என்று அலுமினியத்தில் பூசிவிடாதீர்கள், உப்புத்தண்ணீரில் செப்பு அலுமினியத்தைத் தின்னும். எங்கள் பூச்சு ஒரு சீசன் தாண்டியிருக்கிறது, இதுவரை பழுதில்லை. ஐந்து வருசம் நிற்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, அடைப்புக்கு வருகிறேன், அதாவது போல்ற் துளைக்குள் தண்ணீர் போகாமல் பூசும் பசைக்கு. முதல் தடவை நாங்கள் போட்டது சிலிக்கன். ஹாட்வெயார் கடையில் குளியலறை இடுக்குகளை அடைக்க விற்கும் அதே பசைக் குழாய். மலிவு, கையில் ஒட்டினாலும் துடைக்கலாம், வெயிலுக்கும் தாங்கும். முதல் வருசம் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அது பைபரை இறுக்கிப் பிடிப்பதில்லை. இஞ்சின் உதறும்போது பிறாக்கெற் மயிரிழை அசையும், சிலிக்கன் ஓரத்தில் விடும், தண்ணீர் உள்ளே போகும். அதைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது, கழற்றிய பிறகு அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம். அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கன்கூடச் சரியாக ஒட்டாது. அசிற்றோன் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் பிரைமர் பூசினேன். பூசப்பூச அது மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நின்றது. கடைசியில் உளியாலும் அரத்தாளாலும் ஒரு தோல் உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் வேலை.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எது நன்றாக அடைக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த முறை கழற்ற முடியுமா, கழற்றிய இடத்தில் மறுபடி பூச முடியுமா என்றும் பார்க்க வேண்டும். பிறாக்கெற் ஒருமுறை பூட்டி மறந்துவிடும் சாமான் இல்லையே.

பொலியூரதேன் அடைப்பிலும் (மேலே சொன்ன பெயின்ற் அல்ல, குழாயில் வரும் பசை) இதனால்தான் ரகம் பார்க்க வேண்டும். த்ரீஎம் 5200 போன்றவை நிரந்தரப் பிடி. பிறாக்கெற்றைப் பிறகு இழுத்தால் பைபரின் தோலும் சேர்ந்து வரலாம். 4200, சிக்காபிளெக்ஸ் 291 போன்றவை நடுத்தரம். நன்றாகப் பிடிக்கும், தேவைப்படும்போது மெல்லிய கத்தியை நுழைத்து அறுத்து எடுக்கலாம், மிச்சத்தைச் சுரண்டினால் அந்த இடத்தில் திரும்பப் பூசலாம். விலை சிலிக்கனைப் போல் பல மடங்கு, கிளிநொச்சி வரைக்கும் போய்த்தான் வாங்கினேன். உடைத்த குழாய் அடுத்த வருசத்துக்கு மிஞ்சாது, உள்ளேயே இறுகிவிடும். காற்றின் ஈரத்தால் இறுகும் சாமான் என்பதால் எங்கள் கடற்கரைக்கு அது தோது.

பியூற்றைல் நாடாவையும் (ரப்பர் போன்ற ஒட்டும் நாடா) சிலர் சொல்வார்கள். இறுகவே இறுகாது, கழற்றுவது சுகம். ஆனால் பெற்றோலும் மண்ணெண்ணெயும் பட்டால் கரையும். இஞ்சினுக்குக் கீழே அதற்கு இடமில்லை. பொலிசல்பைட் என்ற இன்னொரு அடைப்புப் பசையை ஒரு சிநேகிதரின் படகில் அரைக் குழாய் பூசியதோடு சரி. இறுக நாளெடுத்தது, அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

எதைப் பூசினாலும் துளையைச் சரிசெய்யாமல் பூசினால் வீண். 10 மில்லிமீற்றர் துளையை 16க்குப் பெருப்பித்து, ஊறிய மரத்தை வளைத்த ஆணியால் கிண்டி எடுத்தோம். மாரியில் எங்கே காய்வது? பொங்கல் கழிந்து வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். பிறகு ஒரு பக்கம் நாடா ஒட்டி, தடிப்பாகக் கலந்த எப்பொக்சியால் நிரப்பி, நடுவே திரும்ப 10இல் துளைத்தோம். இனி போல்ற்றைச் சுற்றி இருப்பது மரமில்லை, எப்பொக்சி. மலிவான பொலியெஸ்டர் ரெசினால் நிரப்பலாமே என்று மச்சான் கேட்டான். அது காயும்போது சுருங்கும், மரத்தை அவ்வளவாகப் பிடிக்காது என்று மறுத்துவிட்டேன். எப்பொக்சி இறுகிய மறுநாள் மேலே மெழுகுபோல் வழுக்கினால் முதலில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அரத்தாள் அதற்குப் பிறகு.

பூட்டும்போது துளையின் வெளிவாயைக் கொஞ்சம் விரித்துக்கொண்டோம், அடைப்பு அங்கே வளையமாகத் தங்கும். போல்ற்றை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருக வேண்டும். முழு இறுக்கம் முதல் நாளே வேண்டாம், பூசியது எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். உள்பக்கம் நட்டுக்குக் கீழே நான் எதுவும் பூசவில்லை. கசிந்தால் படகுக்குள் தெரியட்டும், மரத்துக்குள் ஒளிந்திருக்க வேண்டாம்.

கீழ் வலது துளையில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம். அந்தப் பக்கம் தட்டினால் சத்தம் முழுதாகத் தெளியவில்லை. இந்த மாரியில் அந்த ஒரு போல்ற்றைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறோம்.