140 படம், 143 வரி: இமேஜ்ஜே மேக்ரோ எப்படி?

நுண்ணோக்கிப் படங்களில் செல்களை எண்ணி அளப்பதுதான் என் அன்றாட வேலை. அதற்கு ஆறு ஆண்டுகளாக நான் நம்பியிருப்பது இமேஜ்ஜே. சரியாகச் சொன்னால், இமேஜ்ஜேவோடு தேவையான பிளகின்களையும் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்கள்) சேர்த்துக் கட்டித் தரும் ஃபிஜி. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய வெய்ன் ராஸ்பாண்ட் 1997-இல் தொடங்கிவைத்த மென்பொருள், இன்றும் அதே சின்னப் பட்டையாகத்தான் திரையில் வந்து நிற்கிறது. அதன் அளவீடுகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் மேக்ரோ மொழியில், அதாவது கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் சிறு நிரல்களை எழுதும் மொழியில், உள்ள ஒரே ஒரு குணத்தோடுதான் என் சண்டை.

சென்ற மாதம் 140 படங்களை ஒரு மேக்ரோவிடம் ஒப்படைத்துவிட்டு, அதே கணினியில் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். படத்துக்கு ஒரு வரி வீதம் முடிவு அட்டவணையில் 140 வரி வர வேண்டும். வந்தது 143. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏழு வரிகளில் சராசரிச் செறிவு (ஒளியின் அளவு) 255 என்று இருந்தது, 254.8 கூட இல்லை, அச்சு அசலாக 255. 8-பிட் படத்தில் ஒரு பிக்சலின் உச்ச மதிப்பே அதுதான். எந்தச் செல்லும் அப்படி ஒரே சீராக ஒளிராது. ஆனால் செல் இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளையாகக் குறித்துக்காட்டும் கறுப்பு-வெள்ளை மாஸ்க் படத்தில் வெள்ளை என்றாலே 255. பச்சை நிறப் படத்தை அளக்க வேண்டிய இடத்தில் மேக்ரோ மாஸ்க்கை அளந்திருக்கிறது.

குற்றவாளி நான்தான். ஒவ்வொரு மாஸ்க் விண்டோவும் என் மின்னஞ்சலை மறைத்துக்கொண்டு எழும்பியது. எரிச்சலில் அவ்வப்போது ஒன்றை மவுஸால் பிடித்து ஓரமாகத் தள்ளினேன். தொட்ட நொடியிலேயே அந்த மாஸ்க் நடப்புப் படமாக, அதாவது கட்டளைகள் போய்ச் சேரும் படமாக, ஆகிவிட்டது. அடுத்து வந்த அளவீட்டுக் கட்டளை அதன்மேல் பாய்ந்தது. உபரியாக வந்த மூன்று வரிகளின் கதை இன்னும் வேடிக்கை: இமேஜ்ஜேயில் 'எம்' விசையைத் தட்டினாலே அளவீடு நடக்கும். மின்னஞ்சலுக்கென்று நான் தட்டிய எழுத்துகளில் மூன்று 'எம்', திடீரென்று முன்னால் வந்த பட விண்டோவுக்குள் விழுந்திருக்கின்றன. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து 'டபிள்யூ' தட்டவில்லை. அது படத்தையே மூடிவிடும்.

முன்னால் நிற்கும் படத்தின்மேல் பாயும் இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று, இமேஜ்ஜேவிலேயே உள்ள ரெக்கார்டரைத் திறந்து பார்த்தால் தெரியும். மெனுவில் நாம் செய்வதையெல்லாம் அது வரிவரியாக எழுதித் தரும். நிரல் எழுதத் தெரியாதவரும் அரைமணி நேரத்தில் மேக்ரோ எழுதிவிடுவது இதனால்தான், அதற்காக எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் 'காஸியன் பிளர், சிக்மா 2' (படத்தை இந்த அளவுக்கு மங்கலாக்கு) என்று எழுதும் அந்த வரி, எந்தப் படத்துக்கு என்று எழுதுவதில்லை. மெனுவைத் தொட்டவருக்கு அது தேவைப்படவில்லை. படம் கண்முன்னே இருந்தது. மேக்ரோவுக்குக் கண் கிடையாது. முன்னால் எது நிற்கிறதோ அதுதான் அதற்குப் படம்.

இதற்குத் தீர்வாகப் பலரும் உடனே 'செலக்ட்விண்டோ' கட்டளையில் விண்டோவின் தலைப்பைச் சொல்லிப் படத்தை அழைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். தலைப்போ நிலையாக இருப்பதில்லை: நகலெடுத்தால் வாலில் '-1' சேரும், நிறச் சேனல்களைப் பிரித்தால் முன்னால் 'சி1-', 'சி2-' ஒட்டும். ஒரே தலைப்பில் இரண்டு விண்டோ இருந்தால் எது வரும் என்று நம்மால் அடித்துச் சொல்ல முடியாது. இப்போது படம் திறந்த கையோடு 'கெட்இமேஜ்ஐடி' மூலம் அதன் அடையாள எண்ணை ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொள்கிறேன்; ஒவ்வொரு கட்டளைக்கும் முந்தைய வரியில் 'செலக்ட்இமேஜ்' போட்டு அந்த எண்ணைக் கொடுக்கிறேன். இந்த எண்கள் எப்போதும் எதிர்மறையாக இருக்கும். கைத்தவறுதலாக 1 என்று நேர்மறை எண்ணைக் கொடுத்தால், விண்டோ மெனு பட்டியலில் முதலாவதாக உள்ள படம் வந்து நிற்கும்; பிழைச்செய்தி எதுவும் வராது. இதிலும் ஒரு மாலை போயிற்று.

உண்மையான மருந்து 'செட்பேட்ச்மோட்' என்ற கட்டளை. மேக்ரோவின் முதல் வரியிலேயே இதை இயக்கிவிட்டால், அதன்பின் திறக்கும் படங்கள் திரைக்கே வருவதில்லை. தள்ளிவிட விண்டோ இல்லை, விசை விழ இடமில்லை. திரையில் வரைகிற வேலை மிச்சமாவதால் வேகமும் கூடுகிறது. அதே 140 படங்களை மறுபடி ஓட்டினேன்: 140 வரி, ஒன்றில்கூட 255 இல்லை. படம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கும் பிளகின்கள் சில உண்டு. அவற்றுக்காக அந்த ஒரு படத்தை மட்டும் வெளியே காட்டிவிட்டுத் திரும்ப மறைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வரிக்கு வரி 'வெயிட் 500' தூவி வைப்பது. என்னுடன் வேலை செய்பவரின் மேக்ரோவில் பதினோரு இடத்தில் அது இருந்தது. விண்டோ மெதுவாக எழும் கணினியில் அரைநொடி பொறுப்பது சில சமயம் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் இடையில் ஒருவர் கிளிக் செய்தால் அது என்ன செய்யும்? தவறான படத்தின்மேல் அரைநொடி தாமதமாக வேலை நடக்கும்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். எடிட் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதற்குள் மிஸ்க் என்று போனால், குறுக்கு விசைகளுக்குக் கன்ட்ரோல் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒரு பெட்டி இருக்கிறது. அதை 'டிக்' செய்திருந்தால் என் மூன்று 'எம்'களும் சத்தமில்லாமல் வீணாகியிருக்கும். நிறுவும்போதே அந்தப் பெட்டி காலியாக இருப்பதற்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.