வைபூ அருங்காட்சியகம்: ஞானஸ்நானப் பதிவேட்டை நம்பிப் போகாதீர்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், வாங்காரே நகரத்துக்குச் சுமார் 40 கி.மீ. முன்னால் இருக்கிறது வைபூ. ஸ்காட்லாந்து வம்சத்துக் குடியேறிகளின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் ஊர் நடுவில், கடைத்தெருவிலேயே. 1914இல் நட்ட கருங்கல் நினைவுத்தூண்தான் அடையாளம். நுழைவுக் கட்டணம் உண்டு. ஜனவரி 1 அன்று ஸ்காட்லாந்துப் பாரம்பரியமான ஹைலேண்ட் விளையாட்டுப் போட்டி நடக்கும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்க்கவும்.

இந்த ஊரில் கிறிஸ்தவ சபை முதலில் உருவானது, ஊர் பிறகுதான் வந்தது. போதகர் நார்மன் மெக்லியோட் ஸ்காட்லாந்தின் அசிண்ட் பகுதிக்காரர். தாய்ச்சபையான ஸ்காட்லாந்து திருச்சபையோடு முறைத்துக்கொண்டு 1817இல் இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவின் பிக்டூவுக்குப் போனார். அங்கிருந்து அமெரிக்காவின் ஒஹாயோ போவதற்கென்று அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் ஒரு கப்பல் கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் அதைக் கிண்டலாக (நோவாவின்) 'பேழை' என்றார்கள். ஆனால் கடைசியில் குடியேறியது நோவா ஸ்கோஷியாவிலேயே, கேப் பிரெட்டன் தீவின் செயின்ட் ஆன்ஸில்.

1827இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா பிரஸ்பிட்டரி அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தது. பிரஸ்பிட்டேரியன் முறைப்படி போதகருக்கு மேலே பிரஸ்பிட்டரி என்ற மன்றம் உண்டு. அவர் தனிக்காட்டு ராஜாவாக இருக்க முடியாது. செயின்ட் ஆன்ஸிலோ போதகர், பள்ளி ஆசிரியர், மாஜிஸ்திரேட் மூன்றும் ஒரே ஆள். ஞாயிறு பிரசங்கத்தில் திட்டு வாங்கியவர் முறையிட எங்கே போவார்? இதை மனதில் வைத்துக்கொண்டு காட்சிக்கூடத்தைச் சுற்றுங்கள். சும்மா வீரக்கதையாக எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும்.

நேரம் குறைவென்றால் கப்பல் பகுதியை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். 1840களின் கடைசியில் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. 1851இல் 'மார்கரெட்' கிளம்பியது. தொடர்ந்து ஹைலேண்ட் லாஸ், கெர்ட்ரூட், ஸ்ப்ரே, பிரெடல்பேன், எலன் லூயிஸ். 1860க்குள் ஆறு கப்பல்களில் 800 பேருக்கு மேல் செயின்ட் ஆன்ஸ் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். மார்கரெட்டில் வந்தவர்கள் முதலில் இறங்கியது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில். அங்கே எல்லாரும் சேர்ந்து குடியேற நிலம் அமையவில்லை. மெல்பர்னில் டைபாய்டு காய்ச்சல் நார்மனின் மூன்று மகன்களைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் வைபூ.

வம்சாவளி தேடுவோர் சறுக்குவது ஞானஸ்நானப் பதிவேட்டில்தான். நார்மன் ஞானஸ்நானம் கொடுப்பதில் படுகறார். தகுதியில்லை என்று பலரைத் திருப்பி அனுப்பியவர், திருவிருந்து விஷயத்திலும் அப்படித்தான். ஆகவே பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நோவா ஸ்கோஷியாவில் அரசுப் பிறப்புப் பதிவும் 1864இல்தான் தொடங்கியது. அதற்குள் இவர்கள் கிளம்பிவிட்டார்கள். கப்பல் பெயர், தகப்பன் பெயர், கேலிக் (இவர்கள் பேசிய ஸ்காட்டிஷ் மொழி) பட்டப்பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். வெறுமனே 'ஜான் மெக்கென்சி' என்றால் எந்த ஜான் என்ற கேள்விதான் வரும். மெக் (Mc), மாக் (Mac) இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும்.

அப்படியே வைபூ கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். நார்மன் 1866இல் இறந்தார். அடக்கம் செய்தது இந்த ஊரில்தான். பதிவேட்டில் கிடைக்காத பிறந்த ஊர் சில சமயம் கல்லறைக் கல்லில் கிடைக்கும்.