மடத்துச் சுவரைத் தாண்ட நான்கு வழிகள்: எது நிலைத்தது?

பெண் துறவியர் மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று 1563 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரிதெந்து பொதுச்சங்கம் மறுபடி கட்டளையிட்டது. 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அதை இன்னும் இறுக்கினார்: முறையான பெரிய வார்த்தைப்பாடு (கடவுளுக்குக் கொடுக்கும் துறவற வாக்கு) கொடுத்தவர் எவரானாலும் அடைபட்ட வாழ்வுதான். பள்ளி நடத்தவும் நோயாளிகளைப் பார்க்கவும் விரும்பிய பெண்களுக்கு இதுதான் பெரிய தடை.

ஊர்சுலா சபை இந்தச் சட்டத்துக்கு முன்பே பிறந்தது. 1535-இல் பிரெஷா நகரில் ஆஞ்சலா மெரிசியுடன் சேர்ந்த 28 பெண்களுக்கு மடமே கிடையாது. அவரவர் வீட்டிலிருந்தே கன்னிமை காத்தார்கள். 1612-இல் பாரிஸ் ஊர்சுலா சகோதரிகள் அடைப்பை ஏற்றார்கள். ஆனால் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வழக்கமான மூன்று வார்த்தைப்பாடுகளோடு, சிறுமியருக்குக் கற்பிப்பது என்ற நான்காவதையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் வெளியே போகவில்லை, பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பள்ளிக்கு இது போதும். வீடு வீடாகப் போகும் பணிக்கு உதவாது.

மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வின் பெயர் கொண்ட மினவுதல் சபைக்கு அந்த இழப்புதான் நேர்ந்தது. 1610-இல் ஆயர் பிரான்சிஸ் சலேசியாரும் ஜான் தெ சந்தால் அம்மையாரும் அன்சியில் தொடங்கியபோது, நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்ப்பதும் திட்டத்தில் இருந்தது. லியோன் பேராயர் வற்புறுத்த, 1618-இல் அதுவும் அடைபட்ட மடமானது.

பெண்களுக்கென ஒரு சபையைத் தொடங்கிய ஆங்கிலேயரான மேரி வார்ட் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அடைப்பு வேண்டாம், ஆண் துறவியரான இயேசு சபையினரின் சட்டங்களே வேண்டும், தலைவி ஒரு பெண், அவர் ஆயருக்கு அல்ல, நேரே திருத்தந்தைக்கே கட்டுப்பட்டவர். நால்வரில் நேர்மையான கோரிக்கை இதுவே என்பேன். 1631-இல் திருத்தந்தை எட்டாம் அர்பன் அவரது சபையைக் கலைத்தார். மியூனிக்கில் கிளாரா மடமொன்றில் அடைக்கப்பட்ட மேரி, எலுமிச்சைச் சாற்றால் எழுதிய கடிதங்களால் தோழியரை வழிநடத்தினார். நெருப்பருகே காட்டினால்தான் எழுத்து தெரியும்.

1633-இல் குரு வின்சென்ட் தெ பவுலும் லூயிஸ் தெ மரிலாக் அம்மையாரும் தொடங்கிய பிறரன்பின் புதல்வியர் சபை சட்டத்தோடு மோதவே இல்லை. துறவி என்றால்தானே அடைப்பு? 'நாங்கள் துறவியர் அல்ல' என்றார்கள். துறவியர் உடைக்குப் பதில் நாட்டுப்புறப் பெண்ணின் சாம்பல் நிற உடை, மட அறைக்குப் பதில் வாடகை அறை, மடக் கோயிலுக்குப் பதில் ஊரின் பங்குக் கோயில். 1642 முதல் தனிப்பட்ட வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். பிறகு ஆண்டுதோறும் புதுப்பிப்பது வழக்கமானது. பெரிய வார்த்தைப்பாடு இல்லாததால் 1566-இன் ஆணை அவர்களைப் பிடிக்கவில்லை.

தெருவில் இறங்கி வேலை செய்ய இதுவே சிறந்த வழி. ஆனால் மேரி வார்ட் கேட்ட தலைமை இதில் இல்லை: ஆயர்கள் கைக்குப் போனால் மடமாக்கிவிடுவார்கள் என்று அஞ்சிய லூயிஸ், வின்சென்டின் குருக்கள் சபைத் தலைவருக்குக் கீழேயே இருக்கப் போராடினார். 1655-இல் அது உறுதியானது.