மீனாட்சி கோயிலிலிருந்து மகாலுக்கு: மூன்று வழிகளில் எது நடக்கத் தோது?

மதுரைக்கு வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கோயிலைப் பார்த்து முடித்ததும் ஆட்டோ பிடித்து "மகால்" என்கிறார்கள், அதாவது பதினேழாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் அரண்மனை. சித்திரை வீதிகளுக்குள் வண்டி வராது. ஆட்டோவில் ஏறவே கொஞ்ச தூரம் நடந்தாக வேண்டும். ஏறிய பிறகு ஒருவழிப் பாதைகளைச் சுற்றி, விளக்குத்தூண் நெரிசலில் நின்று, மகால் வாசலில் இறங்கும்போது 'நடந்தே வந்திருக்கலாமே' என்று தோன்றும். நேர்வழியில் போனால் ஒன்றரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

சரி, நடப்பது என்று முடிவாகிவிட்டது. எந்தப் பக்கமாக நடப்பது? வெளியூர் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று பக்கமாகவும் போயிருக்கிறேன். மூன்றும் ஒன்றல்ல.

ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வழி தப்பாது. கோயிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியாகப் பழைய கோட்டை மதில் இருந்த இடத்தில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கம். மகால் தென்கிழக்கு மூலையில், மாசி வீதியைத் தாண்டி இருக்கிறது. எனவே எந்த வழியில் போனாலும் கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேரும் விளக்குத்தூணைத் தொட்டுத்தான் போவீர்கள்.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கும் தடை வந்தது. செருப்பையும் போனையும் எந்த கோபுர வாசலில் கொடுத்தீர்களோ அங்கேயே திரும்பி வந்து வாங்க வேண்டும். கிழக்கு வாசலில் கொடுத்துவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியேறினால், வெயிலில் காய்ந்த கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு அரைச்சுற்று நடக்க வேண்டியதுதான். ஒருமுறை என் மாமாவை அப்படி நடக்க வைத்து இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கிழக்கு வழி. அம்மன் சன்னதியின் அஷ்டசக்தி மண்டபத்திலிருந்து வெளியே வந்தால் இடப்பக்கம், சுவாமி சன்னதிக்கு நேர் எதிரே, புதுமண்டபம். வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. 'புது' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளும் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் தூண்களைப் பார்க்க எட்டி எட்டித் தலையை நீட்ட வேண்டும். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்தக் கலகலப்பு போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நாயக்க மன்னர்களின் சிலைகள் உள்ளே இருக்கின்றன, திருமலை நாயக்கர் மனைவியரோடு நிற்பது உட்பட.

மண்டபத்துக்கு அடுத்துக் கிழக்கே ராயகோபுரம். அதுவும் அவர் தொடங்கியதே, முடியவில்லை. கோபுரம் என்று நிமிர்ந்து பார்த்தால் வானம்தான் தெரியும். அடித்தளமும் பிரம்மாண்டமான ஒற்றைக்கல் நிலைக்கால்களும் மட்டும் நிற்கின்றன. எழும்பியிருந்தால் தெற்குக் கோபுரமே அதன் பக்கத்தில் சின்னப் பிள்ளையாகத் தெரிந்திருக்கும் என்று உள்ளூரில் சொல்வார்கள். அம்மன் சன்னதித் தெருவிலேயே நேராக நடந்தால் பாண்டியர் காலக் கோட்டையின் மிச்சம் என்று சொல்லப்படும் விட்டவாசல் வரும். அதைத் தாண்டிக் கீழமாசி வீதியில் தேர் நிற்கும் தேர்முட்டி. சித்திரைத் தேர் மாசி வீதியில் ஏன் ஓடுகிறது என்று இங்கே நின்றுகொண்டு யாராவது கேட்பார்கள். முன்பு மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர்தான் என்பார்கள். தேர் மட்டும் பழைய வீதியை விடவில்லை.

கோயிலுக்குள் பார்த்த முக்குறுணிப் பிள்ளையாரையும் இந்த வழியோடு சேர்த்துக்கொள்ளலாம். மகாலின் செங்கல்லுக்காக மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளமாயிற்று, அங்கே தோண்டியபோது கிடைத்தவர்தான் இந்தப் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. ஆகப் பிள்ளையாரில் ஆரம்பித்து, புதுமண்டபம், ராயகோபுரம், தேர்முட்டி என்று மகால் வரைக்கும் ஒரே ஆளின் பின்னால் நடந்து போகிற மாதிரி இருக்கும். மற்ற இரண்டு வழிகளிலும் இது கிடையாது. குறை என்னவென்றால் கீழமாசி வீதி பலசரக்கு மொத்த வியாபாரத் தெரு. பகலில் மூட்டை இறக்குவார்கள், தள்ளுவண்டி குறுக்கே நிற்கும். மிளகாய் நெடியில் தும்மாமல் அந்தத் தெருவைக் கடந்தவர்களை நான் பார்த்ததில்லை.

தெற்கு வழி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெற்குக் கோபுரம் நான்கிலும் உயரமானது; அதன் அடியிலிருந்து தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள், பிறகு தெற்குமாசி வீதி ஜவுளிக்கடைகள். கடை வீதியில் நடக்கப் பிடிக்கும் என்றால் போகலாம், சுங்கடிச் சேலை எடுக்க வேண்டும் என்றால் கட்டாயம் போகலாம். அவசரம் என்றாலும் இதுதான் தோது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

மேற்கு வழி நீளமானது. ஊரைப் பாதி சுற்றுவதால் இரண்டரை கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். மகாலுக்கு எதிர்த்திசையில் கிளம்புகிறோமே என்று கூட வருபவர்கள் முணுமுணுப்பார்கள். பத்து நிமிஷத்தில் முணுமுணுப்பு அடங்கிவிடும், ஏனென்றால் மேலமாசி வீதி அப்படிப்பட்ட வீதி. இம்மையில் நன்மை தருவார் கோயிலில் சிவன் தனக்குத் தானே பூசை செய்கிறார். லிங்கத்தின் பின்புறத்தைத்தான் நாம் தரிசிக்கிறோம். பக்கத்திலேயே மதனகோபாலசுவாமி கோயில். அதைச் சேர்ந்த மண்டபத்தின் தூண்கள் இன்று அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அடலீன் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி 1912-இல் மதுரைக்கு வந்தபோது வாங்கிக் கப்பலேற்றியவை அவை. கோயில் வாசலில் நின்று இதைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒருவராவது "வித்தது யாரு?" என்று கேட்கிறார்.

அதே வீதியில் 251-ஆம் எண் வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தன் வழக்கமான உடைகளை விட்டுவிட்டு அரைமுழ வேட்டிக்கு மாறியது இங்கேதான். இப்போது கதர்க் கடை. அந்த உடையில் முதலில் மக்கள் முன் நின்ற இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரோடு இருக்கிறது, ஊரின் மறுகோடியில்.

பிறகு கூடலழகர் கோயில். பெருமாள் இருந்த கோலம், நின்ற கோலம், கிடந்த கோலம் என மூன்று நிலைகளில். பெரியாழ்வார் 'பல்லாண்டு' பாடியது மதுரையில் என்பது மரபு, அதை இந்தத் தலத்தோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். அங்கிருந்து தெற்குமாசி வீதியில் கிழக்கே திரும்பி நேராக விளக்குத்தூண். போகிற வழியில் 'பெருமாள் மேஸ்திரி', 'மாரட்' என்ற தெருப் பெயர்களைக் கவனியுங்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையில் இருந்தவர்கள். பிளாக்பர்ன் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். கோட்டையை இடித்தவருக்கு விளக்கு வைத்த ஊர் இது.

விளக்குத்தூணுக்குப் பிறகு மூன்று வழியும் ஒன்றுதான். பத்துத்தூண் சந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். துணிக்கடைகளின் முதுகுக்கு நடுவே பத்துப் பெரிய தூண்கள் தனியாக நிற்கும். அவையும் திருமலை நாயக்கரின் அரண்மனையைச் சேர்ந்தவை. 1636-இல் கட்டிய அந்த அரண்மனையில் நாம் இன்று பார்ப்பது கால்வாசிதான் என்பதை மகாலின் 248 தூண்கள் சொல்லாது, இந்தப் பத்துத் தூண்கள் சொல்லும். பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக, சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்த்துக் காப்பாற்றியதுதான் மிச்சம். அதனால் மகாலுக்குப் போகும்முன் இதைப் பார்ப்பது நல்லது, பிறகு பார்த்தால் பாதி உறைக்காது.

எது மேல் என்று கேட்டால், மணி என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன். காலை என்றால் மேற்கு. ஆறு மணிக்குக் கோயில், ஏழரைக்கு மேற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்து இட்லி. கடைகள் திறக்காத மேலமாசி வீதியில் நிதானமாக நடக்கலாம், கோயில்கள் திறந்திருக்கும், மகாலின் கதவு திறக்கும் ஒன்பது மணிக்கு அங்கே நிற்கலாம். பத்து மணிக்கு மேல் இதே வழி தண்டனை. முழங்கால் வலி உள்ளவர்களை எந்த நேரத்திலும் இதில் கூட்டிப் போகாதீர்கள்.

மாலை என்றால் கிழக்கு, அதுவும் தலைகீழாக. கோயில் மதியம் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும், மகாலை ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். கோயிலை முதலில் வைத்துக்கொண்டால் இரண்டில் ஒன்று அரைகுறையாகும். மூன்றரைக்கு மகால், நாலே முக்காலுக்குப் பத்துத்தூண், விளக்குத்தூணில் ஒரு ஜிகர்தண்டா. அதற்குப் பிறகு கீழமாசி வீதியிலிருந்து விட்டவாசல் பக்கம் திரும்பும்போது வெயில் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கியிருக்கும், சன்னதித் தெரு பூராவும் மல்லிகைப்பூ வாசம். செருப்பைக் கிழக்கு வாசலிலேயே கொடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் சுவாமி பல்லக்கில் ஏறி அம்மனின் பள்ளியறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அந்நேரத்துக்கு அரைச்சுற்று நடக்கக் கால் கேட்காது.