குளத்துப் படித்துறை: கருங்கல்லா, கான்கிரீட்டா?

நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் பாயும் ஊர்களில் தெருப் படித்துறை இடிந்தால் முதலில் எழும் பேச்சு இதுதான்: பழையபடி கருங்கல் போடவா, கம்பி கட்டிக் கான்கிரீட் போடவா? எங்கள் தெருக் குளத்துக்குக் கல்லைத்தான் வைத்தோம். யார் கேட்டாலும் அதையே சொல்வோம்.

கான்கிரீட்டின் வசதி தெரிந்ததுதான். வேலை சீக்கிரம் முடியும், குறுகிய சந்திலும் கலவையைச் சட்டியில் தூக்கிப் போகலாம், படிகள் ஒரே மட்டமாக அமையும். கல்லோ, 4 அடி நீளம், 15 அங்குல அகலம், 6 அங்குல கனம் இருந்தால் ஏறக்குறைய 190 கிலோ. கடப்பாரையோடு நாலைந்து ஆள் வேண்டும். உளி பிடிக்கத் தெரிந்தவரையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்படியிருந்தும் கல் என்பதற்குக் காரணம் பராமரிப்பு. படித்துறை கெடுவது பின்னாலிருந்து. மடை திறந்ததும் குளத்து மட்டம் மளமளவென்று இறங்கும். கரைமண்ணில் ஊறிய தண்ணீர் அந்த வேகத்தில் வடியாது. உள்ளிருந்து படியைத் தள்ளும். கல் படியில் ஒவ்வொரு இடுக்கும் வடிகால். ஒரே பாளமான கான்கிரீட்டில் அந்தத் தண்ணீர் ஓரம் வழியாக மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறும். அடியில் பொந்து விழும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடப்பாரையால் தட்டினால் மட்டும் 'டொம்' என்று கேட்கும். கவனிக்காமல் விட்டால் நடுவில் பிளக்கும். பிளவு வழியே கம்பி துருப்பிடித்து ஊதும், கான்கிரீட் செதில் செதிலாகப் பெயரும். அதன் மேல் சிமெண்ட் பூசுவது வீண்செலவு. அடுத்த மழைக்கு அதுவும் உரிந்துவிடும்.

கல் படி தாழ்ந்தால் அந்த ஒரு கல்லை நெம்பி எடுத்து, அடியில் ஜல்லி போட்டு இடித்து, அதே கல்லைத் திரும்ப வைத்தால் போதும். புதிதாக வாங்க வேண்டியது எதுவுமில்லை.

வைக்கும் முறையில்தான் கல்லின் ஆயுள். கரையை 1 அடி உயரத்துக்கு 2 அடி கிடை வரும்படி சரிவாக வெட்டுங்கள். குளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே 2 அடி தோண்டி, 6 அங்குலக் கான்கிரீட் படுக்கை மேல் முதல் வரிசை. ஒவ்வொரு படியிலும் 12 அங்குலம் வெளியே தெரிய வேண்டும், 3 அங்குலம் மேல் கல்லுக்கு அடியில் போக வேண்டும். இந்த 3 அங்குலத்தை மிச்சம் பிடித்தால் கல் முன்னால் நழுவும். கல்லுக்குப் பின்னே 6 அங்குலம் ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே பருமணல். மணல் இல்லாவிட்டால் களிமண் ஜல்லிக்குள் இறங்கி வடிகாலை அடைத்துவிடும். முதல் வரிசைக்கு முன்னால் 3 அடி அகலத்துக்குப் பெரிய கற்களைப் பரப்புங்கள். இடுக்குகளைச் சிமெண்டால் பூசி மூடாதீர்கள். கொத்தனார் 'அழகா இருக்கும்' என்பார், விடாதீர்கள்.

பழைய வீடு இடிக்கும் இடங்களில் கல் வாங்கலாம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் எடுக்கலாம், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். வழுவழுப்பான முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் வைத்தால் பாசியில் வழுக்கும்.

வழி குறுகலாகி, கான்கிரீட்தான் என்றால், எம்30 என்ற வலுத் தரத்தில் கலவை, கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேளுங்கள். நனைந்து காயும் இடத்துக்கு இந்தியத் தர விதி (ஐஎஸ் 456) சொல்வது அதுதான். வீட்டுத் தளத்துக்கு வைக்கும் 20 மி.மீ. கவர் பிளாக் இங்கே ஆகாது. 5 அடிக்கு ஒரு 3 அங்குலப் பிவிசி குழாய் விட்டு, அதன் பின்வாயில் ஜல்லி கட்டுங்கள். பத்து நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் குளத்துக்கும் கால்வாய்க்கும். தாமிரபரணியில் வெள்ளத்தின் இழுப்பே வேறு; அங்கே இந்த அளவுகளை நம்பி இறங்க வேண்டாம், பொறியாளரைக் கேளுங்கள்.

எதுவானாலும் குளம் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிசான அறுவடை முடிந்து குளம் வற்றும் சித்திரை, வைகாசியில்தான் அடிவரிசை வைக்க முடியும். ஜூனில் கார் சாகுபடிக்கு அணை திறந்தால் கால்வாயில் தண்ணீர் வந்துவிடும். கல்லை மாசியிலேயே கரையில் இறக்கிவிடுங்கள்.