வெள்ளை மூக்கு நோய்: குகையைப் பூட்டுவதா, குளிர வைப்பதா?

மார்கழிப் பனியிலும் எங்கள் குளக்கட்டு மருத மரங்களிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் பொழுதுபடக் கிளம்பிவிடும். ஆகவே குளிர்காலத் தூக்கம் என்றால் வன்னியில் சட்டென்று விளங்காது. வட அமெரிக்காவில் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் பனிக்காலம் முழுக்கக் குகைகளிலும் கைவிட்ட சுரங்கங்களிலும் உடல் சில்லிட்டுத் தொங்கிக் கிடக்கின்றன. அப்போதுதான் மூக்கில் வெள்ளையாகப் படரும் ஒரு பங்கசு (பூஞ்சை) பிடிக்கிறது. 2006 இல் நியூயோர்க் மாநிலக் குகையொன்றில் முதலில் படத்தில் பதிந்த இந்த நோய், 2016 இல் மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலம் வரை போய்விட்டது. செத்தவை பல மில்லியன்.

பங்கசு தோலைத் தின்று, தூங்கும் உடலை அடிக்கடி எழுப்பிவிடுகிறது. எழும்பும் ஒவ்வொரு தடவையும் சேமித்த கொழுப்பு எரிகிறது. பஞ்சத்துக்கு வைத்த நெல் பாதியிலேயே தீர்ந்த வீடு மாதிரி. வெளியே பூச்சியும் கிடையாது.

இனி வழிகளைப் பார்ப்போம். குகை வாசலுக்கு, வௌவால் போய்வரக்கூடிய கம்பிக் கதவு போடுவது முதலாவது. மனிதரின் சப்பாத்திலும் கயிற்றிலும் பங்கசு ஒட்டிப் போகும். 55 பாகை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் சாகும். செலவு குறைவு, செய்யத்தான் வேண்டும். ஆனால் வௌவாலிலிருந்து வௌவாலுக்குத் தொற்றுவதைக் கதவு தடுக்காது. வௌவாலே இல்லாத குகை மண்ணிலும் பங்கசு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

அடுத்தது மருந்து. வாழைப்பழம் பழுப்பதைத் தாமதப்படுத்தும் ஒரு பற்றீரியாவின் ஆவி, ஆய்வுகூடத்தில் இந்தப் பங்கசையும் அடக்கியது. புறஊதா ஒளியும் அதைக் கொல்கிறது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் குகைக்குள் வேறு பங்கசுகளும் கண்ணில்லாப் பூச்சிகளும் வாழ்கின்றன. நெல்லைத் தாக்கும் தத்திப் பூச்சிக்கு அடித்த மருந்தில் சிலந்தி செத்து, பிறகு தத்தி இரட்டிப்பாகத் திரும்பியதைக் கண்ட கமக்காரனிடம் இதை இலேசில் விற்க முடியாது. டெனசியில் 2012 இல் கட்டிய செயற்கைக் குகை கொஞ்சம் கெட்டித்தனம்: கோடையில் கழுவி எடுக்கலாம். ஆனால் வௌவால் அதற்குள் குடிவர வேண்டுமே.

தடுப்பூசி ஆய்வும் நடக்கிறது. வாயால் கொடுப்பதுதான், ஆனாலும் காட்டில் எத்தனை வௌவாலுக்குக் கொடுப்பது?

எனக்குப் பிடித்தது, பங்கசை விட்டுவிட்டு வௌவாலின் பக்கம் நிற்கும் வழி. இந்தப் பங்கசு 12 முதல் 15 பாகையில் செழிக்கும். குளிர் கூடக்கூட மெதுவாகும். ஆகவே சுரங்கங்களின் காற்றோட்டத்தை மாற்றி உள்ளே குளிரைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. மிச்சிகன், விஸ்கொன்சின் பக்கம் கவனித்தபோது, சாவு அதிகமென்றாலும் பல வௌவால்கள் கதகதப்பான இடங்களையே தேடிப் போயின. சுகமான இடமே பொறி. குளிர் மூலையைத் தேர்ந்தவை அதிகம் தப்பின. கொழுத்த உடலோடு தூங்கப் போனவையும் தாக்குப்பிடித்தன. அதனால் இலையுதிர்காலத்தில் குகைக்கருகே விளக்குப் போட்டுப் பூச்சியைக் கூட்டி, வௌவாலைத் தின்ன வைக்கும் முயற்சியும் உண்டு. ஆண்டுக்கு ஒரு குட்டி போடும் பிராணிக்கு, தப்பிய தாய்தான் கைமுதல். என் காசு என்றால் குளிருக்கும் தீனிக்கும்தான் போடுவேன், கதவு அதற்குத் துணை.

எங்கள் வௌவால்களுக்கு இந்தப் பயம் இல்லை. 20 பாகையளவில் அந்தப் பங்கசின் வளர்ச்சி நின்றுவிடும். வன்னி வெயிலில் அதற்கு வேலையில்லை. இங்கே பிரச்சினை சீமெந்தும் மரமறுக்கும் வாளும். எங்கள் வாசிகசாலைக் கூரையை மாற்றப்போகிறார்கள், ஓட்டுக்கடியில் குட்டிகள் இருக்கின்றன. அவை பறக்கும்வரை பொறுக்கலாமா என்று கேட்டேன்.

"எச்ச நாற்றத்துக்குள்ள இருந்து பேப்பர் பாக்கிறது நாங்கள் தானே தம்பி" என்றார் தலைவர். பிறகு, "எத்தனை கிழமை?" என்று கேட்டார்.