பினாங்கில் ஒரு பகல்: கப்பல் தந்த சுற்றுலா தேவைதானா?

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட எங்கள் சொகுசுக் கப்பல் காலையில் பினாங்கின் ஸ்வெட்டன்ஹாம் துறையை அடைந்ததும், கப்பலிலேயே முன்பதிவு செய்திருந்த பேருந்துச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டோம். 1923இல் ஓடத் தொடங்கிய பினாங்கு மலை ரயில் இன்று புதிய பெட்டிகளுடன் செங்குத்தாக ஏறுவது உண்மையிலேயே வியப்பளித்தது. ஆனால் வரிசையில் ஒரு மணி நேரத்தைச் செலவிட்ட எங்களுக்கு உச்சியில் கிடைத்தது இருபதே நிமிடங்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம், 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனைப் பேருந்துச் சன்னல் வழியாகவே காட்டி முடித்துவிட்டதுதான். ஆகவே பிற்பகலில் குழுவிடம் சொல்லிவிட்டு நாங்களே நடந்தோம். கார்ன்வாலிஸ் கோட்டை, குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் நினைவைத் தாங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய அனைத்தும் துறைமுகத்திலிருந்து நடந்தே சென்றுவரக்கூடிய தொலைவில் உள்ளன. லிட்டில் இந்தியாவில் கடைக்காரர்கள் தமிழிலேயே விலை சொன்னார்கள். அருகிலிருந்த கடையில் உண்ட நாசி கண்டார் என்னும் சோறும் குழம்புகளும் சேர்ந்த உணவின் மணம் கப்பல் விருந்தை மறக்கடித்தது (வெயிலைத்தான் மறக்க முடியவில்லை).

மலைக்குச் செல்ல விரும்புவோர் வாடகைக் காரில் அதிகாலையிலேயே போய்விடலாம். நகரத்தை மட்டும் பார்க்க இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.